பாட்டே இல்லாமல் முதலிடம்... அமெரிக்காவில் மட்டும் கோட்டைவிட்ட 'ஷாடோஸ்'! என்ன நடந்தது?

1960 ஆகஸ்ட். பிரிட்டன் பாப் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது கிளிஃப் ரிச்சர்ட் பாடிய 'ப்ளீஸ் டோன்ட் டீஸ்'. அதைக் கீழே தள்ளிவிட்டு ஏறி வந்தது 'அப்பாச்சி' என்ற கிட்டார் இசைத்தட்டு. பாடகர் கிடையாது, பாடல் வரி கிடையாது. வேடிக்கை என்னன்னா, கீழே போன பாட்டுக்கு வாசித்ததும் இதே குழுதான்!

யார் இந்த ஷாடோஸ்?

லக்னோவில் பிறந்து, இங்கிலாந்து போய்ப் பாடகரான கிளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள். ஹாங்க் மார்வின், புரூஸ் வெல்ச், ஜெட் ஹாரிஸ், டோனி மீஹன் என நாலு பேர். முதலில் வைத்த பெயர் 'டிரிஃப்டர்ஸ்'. அமெரிக்காவில் அதே பெயரில் பிரபலமான குழு இருந்ததால் 1959-ல் 'ஷாடோஸ்' ஆனார்கள்.

'அப்பாச்சி' அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

இசையமைத்தவர் ஜெர்ரி லார்டன். பெர்ட் வீடன் என்ற கிட்டார் கலைஞர் அதை முன்பே பதிவு செய்துவிட்டார், ஆனால் வெளியீடு தள்ளிப்போனது. இதற்கிடையே இசைப் பயணம் ஒன்றில் லார்டன் அதை ஷாடோஸுக்கு யுகுலேலேவில் வாசித்துக் காட்ட, அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பதிவின்போது டிரம் ஒன்றைத் தட்டியது கிளிஃப் ரிச்சர்டேதான்.

அமெரிக்க கிட்டார்கள் பிரிட்டன் கடைகளில் கிடைக்காத காலம் அது. கிளிஃப் வரவழைத்துக் கொடுத்த சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கூடவே ஒரு எக்கோ கருவி. ஹாங்க் மார்வினின் மிதக்கும் ஒலி இந்த இரண்டிலிருந்தும் வந்தது. பிரையன் மே, மார்க் நாப்ளர் போன்றவர்கள் கிட்டார் பக்கம் போனதில் அந்த ஒலிக்குப் பெரிய பங்கு உண்டு. பீட்டில்ஸ்கூட 1961-ல் ஹாம்பர்க்கில் 'க்ரை ஃபார் எ ஷாடோ' என்று ஒன்றைப் பதிவு செய்தார்கள்.

மொத்தம் 5 இசைத்தட்டுகள் பிரிட்டனில் முதலிடம். 'ஒண்டர்ஃபுல் லேண்ட்' 1962-ல் 8 வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 1977-ல் வந்த '20 கோல்டன் கிரேட்ஸ்' தொகுப்பும் முதலிடம்தான். அதன்பிறகு மற்றவர்களின் ஹிட் பாடல்களை வாசித்த ஆல்பங்களும் நன்றாக விற்றன. ஆனால் அவற்றில் பலவற்றை ஒருமுறை கேட்டால் போதும். சொத்து என்றால் 1960 முதல் 1963 வரையிலான பதிவுகள்தான்.

அமெரிக்காவில் ஏன் எடுபடவில்லை?

அங்கே 1961-ல் 'அப்பாச்சி' 2-ம் இடம் வரை போனது. ஆனால் வாசித்தது ஷாடோஸ் இல்லை, டென்மார்க்கின் யோர்கன் இங்மன்! 1973-ல் 'இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட்' அதை மறுபடி பதிவு செய்தது. அந்தத் தட்டில் வரும் தாளப் பகுதியை டிஜே கூல் ஹெர்க், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஹிப்-ஹாப்பின் அடித்தளங்களில் ஒன்றாக அது மாறிப்போனது. இத்தனைக்கும் அங்கே சுழன்றது டிரம்ஸும் பாங்கோவும்தான். ஹாங்க் மார்வின் பிரபலமாக்கிய கிட்டார் மெட்டு அந்தத் துண்டில் இல்லை.