கல்வி நிதி இழுபறியில் பெற்றோர் கையிலிருக்கும் சட்டம்

2025 ஜூனில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறந்தன. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தரும் ஆர்.டி.இ. சேர்க்கையோ அக்டோபரில்தான் தொடங்கியது. நான்கு மாதம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்?

சிக்கல் பணத்தில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் 60 சதவீதம் ஒன்றிய அரசுடையது, 40 மாநிலத்துடையது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தை ஏற்றால் தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க வேண்டும் என்பதால் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. 2024-25க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. ஆர்.டி.இ. சேர்க்கைக்கான தொகையும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர் ஊதியமும் தொலைதூரக் குழந்தைகளின் போக்குவரத்து உதவியும் இந்தத் திட்டத்துக்குள் வருபவை. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொன்றுக்குப் பிணையாக வைப்பது அநியாயம். நிதி வராததைக் காட்டி மாநில அரசு சேர்க்கையை நிறுத்திவைத்ததும் சரியல்ல.

ஆர்.டி.இ. எனப்படும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிதிப் பொறுப்பு இரு அரசுகளுக்கும் சேர்ந்தே உண்டு என்கிறது. 2025 ஜூனில் ஒரு பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. ஆர்.டி.இ.க்கான தொகையைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை, நிதி வரவில்லை என்று மாநிலமும் கைவிரிக்க முடியாது என்றது. பின்னர் ஒன்றிய அரசு 450 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகமாக விடுவித்த பிறகே சேர்க்கை தொடங்கியது.

வழக்குப் போட எல்லோராலும் முடியாது. ஆனால் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வந்த மானியம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பது சட்டப்படி இவர்கள் வேலை. அதைவிடப் பெரிது, பள்ளி வளர்ச்சித் திட்டம். குழு எழுதும் அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் அரசு மானியம் தர வேண்டும் என்கிறது சட்டம். கழிவறை, சுற்றுச்சுவர், ஆசிரியர் பற்றாக்குறை எதுவானாலும் அதில் எழுத்தில் ஏற வேண்டும். எழுதாத தேவையைக் கேட்க முடியாது. பல ஊர்களில் இந்தத் தாளில் வெறும் கையெழுத்து வாங்கிப் போய்விடுகிறார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

கணக்கு காட்டாவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். குழந்தையின் உரிமை மறுக்கப்பட்டால் ஆர்.டி.இ. சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம். அது மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. மனு நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். சேர்க்கைக்காக நன்கொடை கேட்கும் பள்ளிக்கு அந்தத் தொகையைப் போல் பத்து மடங்குவரை அபராதம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அன்று ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய் உட்காருங்கள். இந்த ஆண்டு நம் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.