இறைக்க இறைக்க உவர்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பட்டி ஒன்று. கல்லடி, நாவலடி எல்லாம் அதன்மேல்தான். மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஏடுபோல் படிந்து நிற்கும். கிணறுகள் தொடுவது அந்த ஏட்டைத்தான். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்த மணலை மூடிப் போனது. கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்ததால், தப்பியவர்களுக்குக் குடிக்கக் கிணறு இல்லை.

உதவிக்கு முதலில் வந்தவர்களில் பலர் சீருடைக்காரர். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் மறுநாளே திருகோணமலையிலும் காலியிலும் நின்றன. மட்டக்களப்புக்குத் தெற்கே அம்பாறையில், ஜனவரியில் வந்த கனடாப் படையின் அனர்த்த உதவி அணியினர் சுமார் 200 பேர். சில வாரங்களில் ஏறத்தாழ 35 இலட்சம் லீற்றர் குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். கரையோர ஊர்களில் நோயாளரையும் பார்த்தார்கள்.

படையும் தொண்டு நிறுவனமும் ஒரே ஊரில் வேலை செய்தால் யார் எதைச் செய்வது? ஐ.நா. வட்டாரத்தில் இதற்கு இரண்டு வழிகாட்டிகள் உண்டு. இயற்கை அனர்த்தத்துக்கு 1994இன் ஒஸ்லோ நெறிகள். போர்ச் சூழலுக்கு 2003இல் வந்தவை. இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: சிவில் அமைப்புகளால் முடியாதபோதுதான் படை, அதுவும் சிவில் தலைமையின் கீழ். பாலம், பாதை, ஹெலிகொப்டர், நீர்ச் சுத்திகரிப்பு படைக்கு. அரிசி மூட்டையை மக்கள் கையில் கொடுப்பது முடிந்தவரை மற்றவர்களுக்கு.

மட்டக்களப்புக்கு எந்த வழிகாட்டி? இரண்டுமே பொருந்தின, அதுதான் சிக்கல். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 போர்நிறுத்தம் பெயரளவில் இருந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை அரசிடம், மேற்கே படுவான்கரையில் பெரும்பகுதி புலிகளிடம். காலையில் இராணுவ லொறியில் வந்திறங்கிய தொண்டர் பின்னேரம் வாவியைக் கடந்தால், அக்கரையில் அவரை யாருடைய ஆள் என்று பார்ப்பார்கள்? நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க அரசும் புலிகளும் 2005 ஜூன் 24இல் செய்த உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது.

ஆனால் ஒருங்கிணைப்பின் அருமை தெரிந்தது அரசியலில் அல்ல, கிணற்றடியில். உவரான கிணறுகளைத் துப்புரவாக்க ஒரு அணி வந்து பம்ப் வைத்து இறைத்தது. சில நாளில் இன்னொரு அணி வந்து அதே கிணற்றை மறுபடி இறைத்தது. எல்லாம் நல்ல மனதோடுதான். மேலிருந்த நன்னீர் ஏடு மெலிய, அடியிலிருந்த உவர் மேலேறியது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒருங்கிணைப்புக் கூட்டம் என்றால் எவருக்கும் அலுப்புத்தான். என்றாலும் எந்தக் கிணற்றை எந்த நாளில் யார் இறைத்தார் என்று கிராம சேவகரிடம் ஒரு கொப்பி இருந்திருந்தால், பல கிணறுகள் இரண்டாம் இறைப்புக்குத் தப்பியிருக்கும்.

திரும்பத் திரும்ப இறைக்க வேண்டாம் என்ற அறிவுரை பிறகுதான் வந்தது. உவரைக் கழுவி இறக்கியது பெரும்பாலும் மாரிமழை.