வால் விழுவதில்லை

ரஜ பண்டிகை முடிந்து முதல் பெருமழை கொட்டியதும், புவனேஸ்வரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் இரவெல்லாம் கச்சேரிதான். 'தவளை தன் வாயால் கெடும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். சத்தம் கேட்டுப் பாம்பு வருவது உண்மைதான். ஆனால் கத்தாமல் இருந்தால் பெண் தவளையும் வராதே! கத்துவது பெரும்பாலும் ஆண். தொண்டைக்குக் கீழே பலூன் போல் உப்பும் பை அதற்காகவே அமைந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன், ஏழாம் வகுப்பில் இருந்த என் பெண்ணுக்குத் தவளையின் வளர்ச்சியை நேரில் பார்த்து எழுதி வரும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை இருவரும் பள்ளத்துக்குப் போனோம். ஓரப் புல்லில் கருப்பு மணி கோத்த நூல் போல் ஒன்று சுற்றிக் கிடந்தது. தேரையின் முட்டைச் சரம். மற்றத் தவளைகள் பல, வேகவைத்த ஜவ்வரிசி போல் திரளாக முட்டையிடும். தேரை சரமாக இடும். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். நாங்கள் இரண்டு சாண் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

"இது கோழி மாதிரி அடைகாக்காதா அம்மா?" என்றாள். பெண் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தயங்கினேன். பிறகு நேராகவே சொன்னேன். ஆண், பெண்ணின் முதுகில் ஏறி முன்னங்கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெண் முட்டையிட இட, ஆண் அதன்மேல் விந்தை விடும். கரு சேர்வது தாயின் வயிற்றில் அல்ல, தண்ணீரில். முட்டைக்கு ஓடு கிடையாது. தண்ணீர் பட்டதும் ஊறி உப்பும் வழவழப்பான உறைதான் காவல். தேரைத் தாய் அதோடு போய்விடும். அவள் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டாள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், ஒரு நாள் திறந்து வைத்த நீரைத்தான் பக்கெட்டில் ஊற்றினேன். மூன்றாம் நாள் தலைப்பிரட்டைகள் வெளியே வந்துவிட்டன. முதல் இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் பக்கெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு வேகவைத்த பாலக் கீரையைச் சுரண்டித் தின்றன. வயிற்றுத் தோல் வழியாக, கடிகாரச் சுருள்வில் போல் சுருண்ட குடல் தெரிந்தது. தழை தின்கிற பிராணிக்கு நீண்ட குடல் தேவை.

பின்னங்கால்கள் முதலில் மொட்டு விட்டன. முன்னங்கால்கள் செவுள் மூடிக்கு அடியில் மறைவாக வளர்ந்து, ஒரு காலையில் திடீரென்று வெளியே நீட்டிக்கொண்டன. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்புக்குக் கட்டக் போய்விட்டு, மறுநாள் திரும்பி வந்து பார்த்தால் பதினான்கு குட்டிகள் செத்து மிதந்தன. என் பெண் அன்று சாப்பிடவில்லை.

தப்பு என்னுடையது. முன்னங்கால் வரும் சமயத்தில் செவுள் அழிந்து, மூச்சு விடும் வேலை நுரையீரலுக்கு மாறிவிடுகிறது. நேற்றுவரை நீரில் மூச்சு விட்ட பிராணி இன்று நீரில் மூழ்கிச் சாகும். பக்கெட்டின் வழவழப்பான சுவரில் அதற்கு ஏற வழியில்லை. ஒரு கல் போட்டிருந்தால் போதும்.

அதே நாட்களில் குடலும் குறுகுகிறது, ஏனென்றால் இனி உணவு பூச்சி. பழைய வாய் போய்ப் புது வாய் உருவாகும்வரை அது எதுவும் தின்பதில்லை. அப்போது கைகொடுப்பது வால். வால் அறுந்து விழுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வால் விழுவதில்லை, உள்ளிருந்தே கரைந்து உடம்புக்கு உணவாகிவிடுகிறது.

இத்தனைக்கும் உத்தரவு தருவது தைராய்டு சுரப்பி. 1912-இல் குடர்நாட்ஷ் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தார். அவை வளருமுன்பே காலும் முளைத்து, வாலும் சுருங்கி, மிகச் சின்னத் தவளைகளாகிவிட்டன. சுரப்பியை எடுத்துவிட்டால் தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே பெருக்கும். நம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு வேண்டியதும் இதே சுரப்புதான். அயோடின் உப்பு வாங்கச் சொல்வது சும்மா இல்லை.

தலைப்பிரட்டையின் வாலுக்கு நம் புவனேஸ்வரிலேயே ஒரு கதை உண்டு. உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாதியும் (ஒடிசி நடனத்திலும் பேர் பெற்றவர்) சக ஆய்வாளர்களும் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் 'ஏ' கலந்த நீரில் விட்டார்கள். வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதில் கால்கள் முளைத்தன! 1992-இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று வளரும் உடம்புக்குச் சொல்வதில் இந்த வைட்டமினுக்கு அவ்வளவு செல்வாக்கு. கர்ப்பிணிகள் வைட்டமின் 'ஏ' மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பது அளவு மீறினால் சிசுவின் உறுப்புகள் கெடும் என்பதால்தான்.

பள்ளத்தில் இன்னும் தலைப்பிரட்டைகள் இருந்தன. ஒரு டம்ளர் அளவு மறுபடி கொண்டுவந்தோம். இம்முறை அகலத் தாம்பாளம், நாலு விரல் தண்ணீர், ஒரு பக்கம் செங்கல் துண்டைச் சாய்த்து வைத்தோம். பக்கத்து வீட்டு ஒடியா அம்மாள், "மதராஸிகள் பெங்க வளர்க்கிறார்கள்" என்று சிரித்தார். ஆனால் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, பாதி வாலோடு ஒன்று செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது, என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு. மொத்தம் பதினொன்று ஏறின. மழை விட்ட ஒரு சாயங்காலம் பள்ளத்து ஓரத்தில் கொண்டு போய் விட்டோம். என் பெண் ஒவ்வொன்றாக எண்ணித்தான் விட்டாள்.