உண்ணிக் காய்ச்சல்

'உண்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் 'உண்ணி'. பிற உயிர்களின் குருதியை உண்டு வாழ்வதால் இச்சிற்றுயிர் அப்பெயர் பெற்றது. உண்ணி பூச்சியன்று; வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. ஆகவே, அது சிலந்தியின் உறவு.

வன குஜ்ஜர்கள் இமயமலைப் பகுதியில் எருமை மேய்த்து வாழும் மக்கள். குளிர்காலத்தில் சிவாலிக் மலையடிவாரக் காடுகளிலும் கோடையில் உயர்ந்த புல்வெளிகளிலும் மந்தையோடு தங்குவர். இத்தகைய மேய்ச்சல் மக்களின் வாழ்வில் உண்ணி நாள்தோறும் எதிர்ப்படுவது. புல் நுனியில் காத்திருக்கும் உண்ணி, கடந்து செல்லும் விலங்கின் மீதோ மனிதர் மீதோ தொற்றிக்கொள்ளும். அதன் உமிழ்நீர் கடித்த இடத்தை மரத்துப்போகச் செய்யும். ஆதலால், கடிபட்டதைப் பலர் அறிவதே இல்லை.

சில உண்ணிகளின் உடலில் 'ரிக்கெட்சியா' என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அமெரிக்க அறிவியலறிஞர் ஹோவர்டு ரிக்கெட்ஸ், அந்நாட்டு மலைப்பகுதியில் பலரைக் கொன்ற புள்ளிக் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என 1906ஆம் ஆண்டு மெய்ப்பித்தார். 1910இல் மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தபோது அந்நோய்க்கே இரையானார். அவர் நினைவாகவே இப்பாக்டீரியா அப்பெயர் பெற்றது.

இவ்வகை நோய் இந்தியாவிலும் உண்டு. உண்ணி கடித்துச் சில நாள்களில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தோன்றும். ரிக்கெட்சியா நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரைத் தாக்குவதால் தோலில் செம்புள்ளிகள் எழும். அவை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடக் காணப்படும். ஆயினும், தொடக்கத்தில் இந்நோய் மலேரியாவையோ டைபாய்டையோ போலவே தோன்றும். பெனிசிலின் இதற்குப் பயன்படாது. டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்து விரைவில் குணமளிக்கும். காலம் தாழ்ந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம்.

எனவே, காய்ச்சலோடு வரும் மேய்ப்பர், "நான் எருமை மேய்க்கிறேன், உடலில் உண்ணி ஒட்டியிருந்தது" என்று கூறுவது இன்றியமையாதது. அவ்வொரு செய்தியே மருத்துவருக்குச் சரியான மருந்தைச் சுட்டிக்காட்டும். மலைப் புல்வெளிகளுக்குச் சுற்றுலா செல்லும் நீங்களும், நாய் வளர்ப்போரும் இதனை மறத்தலாகாது.

புல்வெளியிலிருந்து திரும்பியதும் உடலை நன்கு ஆராய்க. உண்ணி ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி, நேராக மெல்ல இழுத்து எடுக்க. மண்ணெண்ணெய் ஊற்றுதலும் தீயால் சுடுதலும் கூடா. வெறும் விரலால் நசுக்கினால் தோலில் உள்ள சிறு காயத்தின் வழியே கிருமி உட்புகலாம். பின்னர்க் கடிவாயையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுக.

பயிற்சி

1. உண்ணி கடித்ததைப் பலர் அறியாமைக்குக் காரணம் யாது?
2. காய்ச்சலுற்ற மேய்ப்பர் தம் தொழிலை மருத்துவரிடம் கூற வேண்டுவது ஏன்?
3. 'ஒட்டுண்ணி' - பிரித்து எழுதிப் பொருள் கூறுக.