ரெண்டாவது குழந்தை: மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி

"ரெண்டாவதுக்கு ஒண்ணரை வருஷமா ட்ரை பண்றோம், நாளே தள்ளிப்போகல. எந்த மாத்திரை நல்லா வேலை செய்யும்?" நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு மாத்திரையை மூணு, நாலு மாதம் போட்டுப் பார்த்தவர்கள். டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா என்று கேட்டால், "முதல் குழந்தை நார்மலா தங்கிச்சே, டெஸ்ட் எதுக்கு?" என்பார்கள்.

நான் மருத்துவர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பு எடுப்பது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அதனால் இதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்கலாம் என்பதற்கான குறிப்பாகப் படியுங்கள்.

எங்கள் தொழிலில், நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்றைக்கு ஓடவில்லை என்றால் முதலில் கேட்பது ஒன்றுதான்: நடுவுல என்ன மாறிச்சு? இரண்டாவது குழந்தை விஷயத்திலும் அதுதான் முதல் கேள்வி. ரெண்டாவது குழந்தைக்கென்று தனியாக ஒரு மருந்து கிடையாது. ஒவ்வொரு மருந்தும் ஒரு குறிப்பிட்ட பழுதைச் சரிசெய்கிறது. அந்தப் பழுது உங்களிடம் இல்லையென்றால் மருந்தும் உதவாது, மாதங்களும் போய்விடும்.

எப்போது போய்ப் பார்ப்பது?

ஒரு குழந்தை பிறந்த பிறகு அடுத்தது தங்காமல் போவதை இரண்டாம் நிலைக் குழந்தையின்மை என்பார்கள். கணக்கு முதல் குழந்தைக்கு உள்ளதேதான். மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் 12 மாதம், 35 தாண்டிவிட்டால் 6 மாதம். பீரியட்ஸ் ஒழுங்கில்லை, கருக்குழாயில் முன்பு பிரச்சினை இருந்தது என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் குழந்தைக்கு ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் இப்போதே கவலைப்பட வேண்டாம்.

நடைமுறையில் நடப்பது வேறு. "ஒண்ணுதான் இருக்கே, அடுத்தது தானா வரும்" என்று வீட்டில் சொல்வார்கள். தம்பதியும் அப்படியே நினைப்பார்கள். முதல் குழந்தைக்கு ஒரே வருஷத்தில் டாக்டரிடம் ஓடியவர்கள் ரெண்டாவதுக்கு மூணு வருஷம் பொறுத்துப் பார்க்கிறார்கள். அந்த மூணு வருஷமும் பெரும்பாலும் 35க்கு மேற்பட்ட வருஷங்கள்.

என்ன மாறியிருக்கலாம்?

முதலில் வயது. கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் முப்பதுகளின் நடுவிலிருந்து வேகமாகக் குறைகின்றன. ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை மிச்சமிருக்கும் எண்ணிக்கையைத்தான் ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: வயதுக்கு மாத்திரை இல்லை. எந்த மருந்தும் முட்டையை இளமையாக்காது.

இரண்டாவது, ஹார்மோன். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்காமல் இருக்கலாம். முன்பு அடங்கியிருந்த பி.சி.ஓ.எஸ். தலைதூக்கலாம். தைராய்டு மாறலாம். பிரசவமான முதல் வருஷத்தில் தைராய்டு சுரப்பியில் அழற்சி வந்து, சிலருக்கு அது நிரந்தரக் குறைபாடாகவே நின்றுவிடுகிறது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் ப்ரோலாக்டின் அதிகமாக இருந்து முட்டை வெளியாவதைத் தடுக்கலாம்.

மூன்றாவது, பாதை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். பெரும்பாலானவர்களுக்கு அதனால் சிக்கல் வருவதில்லை. சிலருக்கு மட்டும் தழும்பு உள்ள இடத்தில் குழி விழுந்து திரவம் தேங்கலாம், உள்ளே திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் கரு கலைந்து டி அண்ட் சி செய்திருந்தால் கர்ப்பப்பையின் உட்சுவரும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கருக்குழாய் அடைப்பு, எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

நான்காவது, கணவர். "அவருக்குத்தான் ஏற்கெனவே குழந்தை இருக்கே" என்பது ரிப்போர்ட் ஆகாது. அஞ்சு வருஷத்தில் எடை கூடியிருக்கும், சர்க்கரை வந்திருக்கும், வெரிகோசீல் பெரிதாகியிருக்கும். ஜிம்மில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் விந்தணு உற்பத்தி கிட்டத்தட்ட நின்றேபோகலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் மூளை உள்ளே உற்பத்தி செய்யச் சொல்வதை நிறுத்திவிடும். 2021ல் வந்த உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி விந்தணு எண்ணிக்கையின் கீழ்வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். அதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, ஆனால் விசாரிக்க வேண்டிய நிலை.

ஆக, மாத்திரைக்கு முன்னால் தெரிய வேண்டியவை நாலு: முட்டை வெளியாகிறதா, குழாய் திறந்திருக்கிறதா, கர்ப்பப்பை எப்படி இருக்கிறது, விந்தணு எப்படி இருக்கிறது. இதில் ரொம்பச் சுலபமானதும் செலவு குறைவானதும் கடைசி டெஸ்ட். நடைமுறையில் கடைசியாகச் செய்யப்படுவதும் அதுவே.

இனி மருந்துகள்

குளோமிஃபீன். ரொம்பப் பழைய ஆள். அமெரிக்காவில் 1967ல் அனுமதி கிடைத்தது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி ரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரோஜனை அளந்துகொண்டே இருக்கும். குளோமிஃபீன் அந்த அளவுமானியை மறைத்துவிடும். "ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சுபோச்சு" என்று மூளை ஏமாந்து, பிட்யூட்டரி மூலம் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும், முட்டை வளரும். பீரியட்ஸ் தொடங்கியதும் 2 முதல் 5ஆம் நாளுக்குள் ஆரம்பித்து 5 நாள் கொடுப்பார்கள். குறை என்னவென்றால், மருந்தின் ஒரு பகுதி உடம்பில் வாரக்கணக்கில் தங்குகிறது. கர்ப்பப்பையின் உட்சுவரிலும் ஈஸ்ட்ரோஜன் வேலையைத் தடுத்து, சிலருக்கு அதை மெல்லிசாக்கிவிடும். கர்ப்பமானவர்களில் நூற்றுக்கு 5 முதல் 8 பேருக்கு இரட்டைக் குழந்தை. கண் மங்கினாலோ பார்வையில் மின்னல் போலத் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பொதுவாக 6 சுழற்சிக்கு மேல் தொடர்வதில்லை.

லெட்ரோசோல். இது மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. உடம்பு ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பதையே சில நாளுக்குக் குறைக்கும். பலன் அதேதான்: மூளை எஃப்.எஸ்.ஹெச். அனுப்பும். ரெண்டு வாரத்துக்குள் மருந்து உடம்பை விட்டுப் போய்விடுவதால் உட்சுவர் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. 2001ல் டொராண்டோவைச் சேர்ந்த மித்வாலி, காஸ்பர் என்ற ரெண்டு மருத்துவர்கள் இதை முட்டை வளர்ச்சிக்குப் பயன்படுத்திக் கட்டுரை வெளியிட்டார்கள்.

2005ல் ஒரு மாநாட்டுச் சுருக்கம், இந்த மருந்தால் பிறவிக் குறைபாடு வரலாம் என்று கிளப்பியது. அடுத்த வருஷமே 911 குழந்தைகளைப் பார்த்த கனடா ஆய்வில் குறைபாடு லெட்ரோசோல் பிரிவில் 2.4 சதவீதம், குளோமிஃபீன் பிரிவில் 4.8 சதவீதம். பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மை சிகிச்சைக்கு இதைத் தடைசெய்தது. 2014ல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தது: குழந்தை பிறந்தது லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1 சதவீதம். இந்தியத் தடை 2017ல் நீங்கியது. இன்று பி.சி.ஓ.எஸ்.ஸால் முட்டை வெளியாகாதவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். "கேன்சர் மாத்திரையைப் போய் எழுதிட்டாங்களே" என்று அட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மெட்ஃபார்மின். சர்க்கரை மாத்திரை. பி.சி.ஓ.எஸ்.ஸில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையைச் சீராக்கும். 2007ல் வந்த 626 பேர் ஆய்வில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்கே குழந்தை பிறந்தது. குளோமிஃபீனில் 22.5, இரண்டும் சேர்த்தால் 26.8. அதாவது இது துணைக்கு நிற்கும் மருந்து. தனியாக நம்பி ஒரு வருஷம் ஓட்டக்கூடாது.

தைராக்ஸின், கேபர்கோலின். தைராய்டு குறைவுக்கு முன்னது, ப்ரோலாக்டின் அதிகத்துக்குப் பின்னது. பழுது இதுதான் என்றால் வேறெதுவும் இல்லாமலேயே கரு தங்கலாம். ஆனால் கேபர்கோலின் பால் சுரப்பை நிறுத்திவிடும். குழந்தை இன்னும் பால் குடிக்கிறது என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். பால் குடிப்பதுதான் காரணம் என்றால், மறக்கடிப்பதே மருந்தாகிவிடும்.

எஃப்.எஸ்.ஹெச்., ஹெச்.எம்.ஜி. ஊசிகள். மூளையிடம் கெஞ்சாமல் நேராகச் சினைப்பைக்கே ஹார்மோனைக் கொடுப்பது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் ஏராளமாக இருக்கும். அதனால் தொடக்கத்தில் இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகளிடமிருந்து சிறுநீர் சேகரித்துத்தான் மருந்து தயாரித்தார்கள். அதனால் உண்டான முதல் குழந்தை 1962ல் இஸ்ரேலில் பிறந்தது. இப்போது ஆய்வகத்தில் தயாராகும் வடிவமும் இருக்கிறது. வலுவான மருந்து, ஆனால் கட்டுப்படுத்துவது கடினம். பல முட்டைகள் ஒன்றாக வளரலாம். சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் உண்டு. ஸ்கேன் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது.

கூடவே வருபவை ரெண்டு. ஹெச்.சி.ஜி. ஊசி, வளர்ந்த முட்டையை சுமார் 36 மணி நேரத்தில் வெளிவரச் செய்யும். புரோஜெஸ்டிரோன், உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கும். இவை முட்டையை வளர்ப்பவை அல்ல.

கணவருக்கு என்ன மருந்து? மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைந்த சிலருக்கு மேற்சொன்ன ஊசிகளே பலன் தரும். மற்றபடி கடைகளில் விற்கும் துத்தநாகம், ஃபோலிக் அமில மாத்திரைகளை 2,370 தம்பதிகளிடம் சோதித்த ஆய்வு 2020ல் வந்தது. மாத்திரை எடுத்த பிரிவில் 34 சதவீதம் பேருக்குக் குழந்தை, வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 35 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை. சிகரெட்டை விடுவது, டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துவது, எடை குறைப்பது ஆகியவற்றுக்குத்தான் அர்த்தம் இருக்கிறது. புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், பலன் தெரிய மூணு மாதம் காத்திருக்க வேண்டும்.

எல்லாமே நார்மல் என்றால்?

இங்கேதான் மாத்திரை அதிகமாக வீணாகிறது. மாதாமாதம் ஒழுங்காக முட்டை வெளியாகிறது, ஆனாலும் "ஒரு சப்போர்ட்டுக்கு" குளோமிஃபீன் எழுதப்படுகிறது. காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு இந்த வாய்வழி மாத்திரைகளை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013லேயே சொல்லிவிட்டது. கர்ப்பப்பைக்குள் விந்து செலுத்தும் ஐ.யூ.ஐ.யோடு சேர்த்துக் கொடுத்தபோது என்ன ஆனது என்று 900 தம்பதிகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015ல் வந்தது. குழந்தை பிறந்தது ஊசியில் 32.2 சதவீதம், குளோமிஃபீனில் 23.3, லெட்ரோசோலில் 18.7. பி.சி.ஓ.எஸ்.ஸில் ஜெயித்த லெட்ரோசோல் இங்கே கடைசி. பழுது மாறினால் மருந்தின் தகுதியும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊசிதான் நல்லது என்று முடிவுகட்டுவதற்கு முன் அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் பாருங்கள். ஊசியில் உண்டான கர்ப்பங்களில் சுமார் 32 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட கரு. குளோமிஃபீனில் 9, லெட்ரோசோலில் 13. இரட்டை என்றால் குறைமாதப் பிரசவம், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை எல்லாம் வரலாம். அதுவும் வீட்டில் ஏற்கெனவே மூணு வயசுப் பிள்ளை இருக்கும்போது. முதல் குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இல்லாத கணக்கு இது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் யோசித்துவிட்டுப் போக வேண்டும்.

குழாய் ரெண்டும் அடைத்திருந்தாலோ விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ மேலே சொன்ன எந்த மாத்திரையும் தனியாக உதவாது. அறுவைச் சிகிச்சை, ஐ.வி.எஃப். என்று பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 38 வயதில் ஆறு மாதம் மாத்திரையிலேயே கழிவது 28 வயதில் கழிவது போல இல்லை.

கையில் எழுதிக்கொண்டு போக அஞ்சு கேள்விகள்:

1. எனக்கு முட்டை வெளியாகிறதா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
2. கணவரின் விந்துப் பரிசோதனை, குழாய்ப் பரிசோதனை இரண்டும் மருந்துக்கு முன்பா, பின்பா?
3. இந்த மருந்து எந்தப் பழுதைச் சரிசெய்ய?
4. இரட்டை, மூன்று தங்காமல் இருக்க எப்படிக் கண்காணிப்பீர்கள்?
5. எத்தனை சுழற்சி பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம்?

அஞ்சாவது கேள்விக்கு ஒரு எண்ணை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மூணு, நாலு, ஆறு என்று எதுவாக இருந்தாலும் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகு தொடர்வதா, நிறுத்துவதா என்பதை நீங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். நிறுத்துவது என்று முடிவெடுத்தாலும் அது தோல்வி இல்லை, உங்கள் குடும்பம் மூணு பேர் என்பதுதான் அதன் பொருள்.