ஆளைத் தக்கவைப்பது கடனா, மரியாதையா?

மாத்தளை மண்ணில் கூலி வேலையின் கதை நீண்டது. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிய மக்கள், காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவர்களைத் தோட்டங்கள் எப்படிப் பிடித்து வைத்தன?

கடனால்தான். பயணச் செலவும் முற்பணமும் தொழிலாளியின் கணக்கில் ஏறின. "இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுவோம்" என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் 'துண்டு'. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். அது மறுபடியும் அவர் தலையிலேயே விழும். தோட்டம் மாறினாலும் கடன் மாறவில்லை. 1921இல் வந்த சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

பின்னர் சில நன்மைகள் கிடைத்தன. 1984இல் தோட்டப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம சம்பளம் வந்தது. 2024இல் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வெளியாயிற்று. ஆனாலும் இளையோர் கொழும்புக் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், வெளிநாட்டுக்கும் போகிறார்கள்.

சம்பளம் போதாமை முதற் காரணம். அது மட்டுமல்ல. கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோ, நிறை குறைந்தால் போடப்படும் அரைப்பேர், பிரட்டுக்களத்தில் கேட்கும் ஏச்சு – இவையும் மனத்தை விரட்டுகின்றன. மறுபுறம், நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்தே வருகிறது. செடி தன்னுடையது என்றால் உழைப்பவருக்கு அக்கறை தானாக வரும்.

இது நமக்கு எதற்கு? போரினாலோ நீர்த்தேக்கத் திட்டங்களினாலோ காணியை இழந்த நாம் இன்று பிறரிடம் கூலிக்குப் போகிறோம். நாளை நாமே குழுவாகச் சேர்ந்து நாற்றுமேடையோ மிளகுக் களமோ நடத்தலாம். அப்போது நாமும் ஒரு கங்காணியாகிவிடக் கூடாது. அதற்குச் சில வழிகள்:

- தராசு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். நிறையை அவரவர் முன்னாலேயே எழுதுங்கள்.

- கணக்கைத் திறந்து சொல்லுங்கள். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும். விற்ற விலையும் செலவும் தெரிந்தால் பறிப்பவருக்குச் சந்தேகம் வராது.

- சொன்ன நாளில் கூலியைக் கொடுங்கள். முற்பணம் கொடுத்தால், அதைக் காட்டி ஆளைக் கட்டிப்போடாதீர்கள்.

- ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். இது சட்டம், தயவு அல்ல.

- குடிநீர், மலசலகூடம், குழந்தையை விட ஒரு நிழலான இடம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் தாய்மார் நிலைக்கமாட்டார்கள்.

- வயதில் இளையவரானாலும் பெயர் சொல்லி மரியாதையாக அழையுங்கள். வேலை முறையை மாற்றுமுன் வேலை செய்பவரிடமே கேளுங்கள்.

கடன் ஆளை நிறுத்தும், மனத்தை நிறுத்தாது.

குழுவில் கலந்துரையாட:
1. நாம் கடைசியாக ஒரு வேலையை விட்டு விலகியது ஏன்?
2. நம்மிடம் வேலைக்கு வந்த ஒருவர் திரும்பி வராதது ஏன்?