ஆளை மாற்றுமுன் முனையை மாற்றிப் பாருங்கள்

தோட்டத்துச் சம்பள நாளின் மாலைப் பொழுது. ஹற்றன் நகரில் மொத்தமாகவும் சில்லறையாகவும் சாமான் கொடுக்கும் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களிலிருந்து வந்த சனம் கடையை நிறைத்திருந்தது. சிட்டை எழுதும் வேலையில் பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன். தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்கு வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு மூடை மா கொடுத்த இடத்தில் ஒரு மூடை என்று எழுதிவிட்டான். முதலாளி அதைக் கண்டுகொண்டார்.

"டேய், எத்தனை தரம் சொல்றது உனக்கு? நீயெல்லாம் கொழுந்து மூடை தூக்கத்தான் லாயக்கு!"

இருபது பேருக்கு முன்னால் இந்த வார்த்தை விழுந்தது. கூட்டத்தில் அவனுடைய தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள். "சரி மொதலாளி" என்று தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் எழுதிய ஒவ்வொரு சிட்டையையும் மூன்று தரம் பார்த்தான். வரிசை நீண்டது. கை நடுங்கியது. அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் இரண்டு பிழை விட்டான்.

இரண்டு மாதத்தின் பின் அந்த முதலாளியைச் சந்தித்தபோது, பொடியன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை என்றார். அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. அலுமாரிக்குப் பின்னால் கூட்டித் துப்புரவு செய்தபோது, கடன் கொப்பியில் ஏறாத சிட்டைகள் சில மடித்துச் செருகிய நிலையில் கிடைத்தனவாம். பிழையாக எழுதியதைச் சொன்னால் மீண்டும் ஏச்சு விழும் என்று பயந்து ஒளித்து வைத்திருக்கிறான். யாருக்குக் கொடுத்தது, எவ்வளவு வரவேண்டியது என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. அன்று பிழைத்த ஒரு மூடை மாவின் விலையைப் போலப் பல மடங்கு அந்த மடித்த கடதாசிகளில் போயிருந்தது.

"இந்தக் காலத்துப் பொடியன்மார் கடையில் நிற்கிறார்கள் இல்லை" என்பது மலைநாட்டில் வியாபாரம் செய்யும் நம்மில் அநேகரின் கவலை. தோட்டத்து இளைஞர்கள் கொழும்புக்குப் போகிறார்கள், வெளிநாடு போகிறார்கள் என்று காரணமும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் நம்மிடம் இருக்கும் நாட்களில் அவர்களை நாம் எப்படிப் பழக்குகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு விடை தேட விளையாட்டு மைதானத்துக்குப் போய்ப் பார்ப்போம். இளைஞன் ஒருவனைப் பழக்குபவரின் போக்கு அவனுடைய தைரியத்தையும் திறமையையும் எப்படி ஆக்குகிறது, எப்படி அழிக்கிறது என்பதைக் கண்கூடாகக் காணக்கூடிய இடம் அது.

கண்டியில் ஒரு பாடசாலை மாணவன்

முத்தையா முரளிதரன் நம்முடைய மலைநாட்டின் பிள்ளை. அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் உற்பத்தி செய்த வியாபாரி. ஆகவே தோட்டத்துப் பின்னணியும் வியாபாரப் பின்னணியும் சேர்ந்த குடும்பம்.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தபோது முரளி மிதவேகப் பந்து வீச்சாளராகத்தான் ஆரம்பித்தார். அவருக்குப் பதினான்கு வயதாக இருக்கையில் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்துக்கு மாறிப் பார்க்கும்படி ஆலோசனை சொன்னார். "உனக்குப் பந்து வீச்சு சரிவராது" என்று அனுப்பிவிடவில்லை. பையனிடம் என்ன இல்லை என்று பாராமல் என்ன இருக்கிறது என்று பார்த்தார். 1990-91 பருவகாலத்தில் அதே மாணவன் நூற்றுக்கு மேற்பட்ட விக்கட்டுகளை வீழ்த்தி, ஆண்டின் சிறந்த பாடசாலை வீரராகத் தெரிவானார். 1992 ஓகஸ்டில் கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார்.

மெல்பேர்னில் நடந்தது

உண்மையான சோதனை 1995 டிசம்பர் 26ஆம் திகதி வந்தது. மெல்பேர்ன் மைதானத்தில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இரசிகர்கள். நடுவர் டெரல் ஹெயார், முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோபோல் கொடுத்தார். அப்போது முரளிக்கு வயது இருபத்து மூன்று. 22 டெஸ்ட் போட்டிகளில் 80 விக்கட்டுகள் எடுத்திருந்தார். உலகத்தின் முன்னால் ஒருவனை "நீ செய்வது தொழிலே அல்ல" என்று சொல்வதற்குச் சமமான நிகழ்வு அது.

அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க என்ன செய்தார்? முரளியை அந்த முனையிலிருந்து நிறுத்தினார். ஆனால் ஒதுக்கி வைக்கவில்லை. மறுமுனைக்கு மாற்றி, அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன்னின் பக்கத்திலிருந்து பந்து வீசக் கொடுத்தார். அங்கே முரளி ஓவருக்கு மேல் ஓவராகத் தொடர்ந்து வீசினார். ஆளை மாற்றவில்லை, முனையைத்தான் மாற்றினார்.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் முரளியின் பந்து வீச்சு விஞ்ஞான முறையில் பரிசோதிக்கப்பட்டது. பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை காரணமாக, எறிவது போன்ற தோற்றம் ஏற்படுகிறது என்று கண்டு அவருக்கு அனுமதி வழங்கினார்கள். அதன் பின்னரும் பிரச்சினை விடவில்லை. 1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் நோபோல் கொடுத்தபோது, ரணதுங்க தன் அணியையே எல்லைக் கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். அப்படிச் செய்தது சரியா பிழையா என்ற விவாதம் வேறு. அதற்காக அவர் விசாரணையையும் சந்திக்க நேர்ந்தது. ஆனால், "எனக்காக என் தலைவர் நட்டப்படவும் தயார்" என்பது முரளிக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கும். ஆட்டம் மீண்டும் தொடங்கியது. 303 ஓட்டங்கள் என்ற இலக்கை இலங்கை ஒரு விக்கட்டினால் எட்டி வென்றது.

2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், தன் கடைசி டெஸ்ட் போட்டியின் கடைசிப் பந்தில் முரளி 800ஆவது விக்கட்டை எடுத்தார். மெல்பேர்னில் 80 விக்கட்டுகளோடு நின்றவரை அன்றே கைவிட்டிருந்தால், மிகுதி 720 விக்கட்டுகளும் இலங்கைக்கு இல்லை. முதலுக்குப் பத்து மடங்கு திரும்பியது என்று நமது பாஷையில் சொல்லலாம்.

துணிந்து ஆடச் சொன்னால் நட்டத்தையும் ஏற்கவேண்டும்

1996 உலகக் கிண்ணத்தின்போது பயிற்றுவிப்பாளராக இருந்தவர் டேவ் வட்மோர். சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் ஆரம்பத் துடுப்பாட்ட வீரர்களாக இறங்கி முதல் பதினைந்து ஓவர்களில் அடித்தாட வேண்டும் என்பது அணியின் திட்டம். அப்படி ஆடினால் அடிக்கடி ஆட்டமிழக்கவும் நேரும். கல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியில் இருவருமே முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள். ஆனாலும் நான்கு நாட்களுக்குப் பின் லாகூரில் நடந்த இறுதிப் போட்டியிலும் அதே இருவரைத்தான் முதலில் இறக்கினார்கள். அங்கும் இருவரும் சொற்ப ஓட்டங்களோடு திரும்பினார்கள். கிண்ணம் இலங்கைக்கு வந்தது. தொடரின் சிறந்த வீரர் ஜயசூரிய.

நம்மில் பலர் செய்வது இதற்கு மாறானது. "நீயே பார்த்து முடிவெடு" என்று பொடியனிடம் சொல்வோம். அவன் முடிவெடுத்து ஐந்நூறு ரூபா நட்டம் வந்தால், "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று பாய்வோம். அதற்குப் பிறகு அவன் ஒரு சவர்க்காரக் கட்டிக்கு விலை சொல்லவும் நம்முடைய முகத்தைத்தான் பார்ப்பான். நாம் தொழுகைக்குப் போய்த் திரும்பும்வரை வாடிக்கையாளர் காத்து நிற்பார், அல்லது பக்கத்துக் கடைக்குப் போவார்.

ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஓட்டம்

மாவன் அத்தபத்துவின் கணக்கைப் பாருங்கள். 1990இல் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். 1992இல் அடுத்த வாய்ப்பில் ஒரு பூச்சியம், ஒரு ஓட்டம். 1994இல் மூன்றாவது வாய்ப்பில் மீண்டும் இரண்டு பூச்சியம். ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஓட்டம்! இப்படியான பேரேட்டைப் பார்த்தால் எந்த முதலாளியும் கணக்கை மூடிவிடுவார். ஆனால் 1997இல் அவரை மீண்டும் அழைத்தார்கள். ஓய்வு பெறும்போது அவர் 16 சதங்களுடன் 5,502 டெஸ்ட் ஓட்டங்கள் பெற்றிருந்தார். அவற்றில் ஆறு இரட்டைச் சதங்கள். இலங்கை அணியின் தலைவராகவும் இருந்தார்.

ஆரம்பத்துப் பூச்சியங்கள் ஒருவருடைய திறமையின் அளவுகோல் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆய்வு சொல்லும் கணக்கு

இவையெல்லாம் பெரிய வீரர்களின் கதைகள், சாதாரணப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் பிராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்போல் அணிகளை 1970களிலிருந்து ஆராய்ந்தவர்கள். பயிற்றுவிப்பாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகச் செய்தால் பாராட்டுங்கள், பிழைத்தால் முதலில் தைரியம் சொல்லுங்கள், பிறகு திருத்தும் வழியைக் காட்டுங்கள், அவமதித்துத் தண்டிக்காதீர்கள் என்பதே அதன் சாரம்.

1992இல் வெளிவந்த அவர்களது ஆய்வொன்றின்படி, பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் நூற்றுக்கு 26 பேர் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியோரில் வராதவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே தோற்ற அணி என்பதால் பிள்ளைகள் விலகவில்லை. தங்களை நடத்திய விதத்தால்தான் விலகினார்கள். இன்னொரு விஷயம், நல்ல முறையில் பழக்கியதால் மிக அதிகமாக நன்மை பெற்றவர்கள் தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளே.

இந்தக் கடைசி விஷயம் நமக்கு முக்கியம். கங்காணியின் அதட்டலையும், அரைப் பேர் போட்டுவிடுவார்களோ என்ற பெற்றோரின் அச்சத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, நகரத்துக் கடைக்குள் வரும்போதே பாதிப் பயத்தோடுதான் வருகிறது. நாம் போடும் அதட்டல் அந்தப் பயத்தை உறுதிப்படுத்துகிறது. நாம் கொடுக்கும் தைரியமோ அவனுக்கு வேறெங்கும் கிடைக்காத சரக்கு.

கடையில் எப்படிச் செய்வது?

விட்டுப்பிடிப்பது என்றால் கண்டும் காணாமல் இருப்பதல்ல. பிழையைத் திருத்தாத முதலாளி பொடியனுக்கும் நல்லது செய்யவில்லை, தன் கல்லாப் பெட்டிக்கும் நல்லது செய்யவில்லை. திருத்தும் முறைதான் கேள்வி.

முதலாவது, ஏச வேண்டியிருந்தால் கடை மூடிய பின் ஏசுங்கள், வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம். சிட்டையைப் பக்கத்தில் வைத்து, "இந்த இடத்தில் எப்படிப் பிழைத்தது?" என்று கேளுங்கள். வேலையைப் பற்றிப் பேசுங்கள், பிறப்பையும் ஊரையும் பற்றிப் பேசாதீர்கள்.

இரண்டாவது, பிழையைத் தானாக வந்து சொல்பவனை ஏசாதீர்கள். சொன்ன பிழைக்குத் திருத்தம் உண்டு. ஒளித்த பிழைக்கு நட்டம் மட்டும்தான் உண்டு.

மூன்றாவது, அவனால் எவ்வளவுக்கு முடிவெடுக்கலாம் என்று எல்லை குறித்துக் கொடுங்கள். "இந்தத் தொகை வரை விலை குறைத்துக் கொடுக்கலாம், அதற்கு மேல் என்னைக் கேள்" என்று சொல்லிவிட்டால், அந்த எல்லைக்குள் வரும் நட்டம் உங்களுடையது.

நான்காவது, ஒரு வேலையில் சரிவராதவனை அனுப்புமுன் முனையை மாற்றிப் பாருங்கள். சிட்டையில் பிழைப்பவன் களஞ்சியத்தில் கெட்டிக்காரனாக இருக்கலாம். கூட்டத்தைக் கண்டு நடுங்குபவன், லொறியில் வந்த சாமானை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்ப்பதில் ஒரு மூடையும் தவறவிடாதவனாக இருக்கலாம்.

அந்த ஹற்றன் முதலாளியிடம் இப்போது புதிய பொடியன் ஒருவன் இருக்கிறான். போன மாதம் அங்கே சென்றபோது அவன் தயங்கித் தயங்கி வந்து, "மொதலாளி, காலையில் ஒரு சிட்டையில் சீனி விலை பிழையா போட்டுட்டேன்" என்றான். முதலாளியின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார். "சிட்டையைக் கொண்டு வா, பார்ப்போம்" என்றார்.

ஆள் தெரிந்த வாடிக்கையாளர். மாலையிலேயே மிகுதிப் பணம் வந்து சேர்ந்தது.